பம்பர் மேல் ஒரு கட்டைவிரல்

ரிஜெக்ட் என்பது நாங்கள் அவருக்கு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆலையின் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கார் பம்பர்களுக்குக் குரோம் முலாம் பூசும் ஆலை அது. நாங்கள் தொட்டிக்காரர்கள். இரும்புப் பம்பரைக் கொக்கியில் மாட்டி, செம்புத் தொட்டி, நிக்கல் தொட்டி, கடைசியில் குரோம் தொட்டி என்று முக்கி எடுப்போம். வரிசை முடிகிற இடத்தில் குழல் விளக்குக்குக் கீழே அவர் நிற்பார். தரம் பார்க்கும் செக்கர். பம்பரை விரலால் தொடவே மாட்டார். தலையை இடப்பக்கம் சாய்ப்பார், வலப்பக்கம் சாய்ப்பார். விளக்கின் பிம்பம் பம்பரில் நேர்கோடாக ஓடினால் "சரி" என்று போகவிடுவார். ஓர் இடத்தில் நெளிந்தாலும் போச்சு. "ரிஜெக்ட்." காரணம் கேட்டால் அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்வார். இருபத்தொன்பது வருடம் இப்படி.

அவர் ஒன்றைத் தள்ளினால் அதை உரித்து, மறுபடி மூன்று தொட்டியிலும் முக்க வேண்டும். மறுபடி அந்த ஆவியில் நிற்க வேண்டும். குரோம் தொட்டித் தண்ணீர் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஒரு நிறம். அதன் ஆவி மூக்கைத் தின்னும். மிகைப்படுத்தவில்லை. என் மூக்கின் நடுச்சுவரில் பட்டாணி அளவுக்கு ஓட்டை இருக்கிறது. சோப்பும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் வாசனை கிடையாது. மற்றவர்களுக்கு மஞ்சள் ஒரு நிறம். தொட்டிக்காரனுக்கு அது அபாயப் பலகை.

ஆவியை உறிஞ்சும் விசிறி வேண்டும் என்று சங்கம் கட்டினோம். துண்டறிக்கைகளை எழுதியவன் நான். முதல் கூட்டத்தை உணவு இடைவேளையில் சரக்கறையில் போட்டோம். பதினோரு பேர் வந்தோம். மறுநாள் காலை பதினோரு பெயரும் மேலாளர் மேசைமேல் இருந்தன. ஆறு பேருக்கு வேலை போனது. சரக்கறைக்கு நேர் எதிரே நின்றவர் ரிஜெக்ட். சாட்சி இல்லை. எனக்குச் சாட்சி தேவைப்படவும் இல்லை. அடுத்த துண்டறிக்கையில் "முதலாளியின் கண்" என்று ஒரு பத்தி எழுதினேன். அவர் பெயரைப் போடவில்லை. என் பெயரையும் போடவில்லை. படித்தவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு உணவு மேசையில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஆலையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் நான் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்துக்கே அவர் பெட்டியோடு வந்து இறங்கினார். மேல் மாடியில் அவருடைய தங்கை வீடு. இரண்டு அறை, வளர்ந்த பிள்ளைகள், நடுவில் ஒரு தையல் மெஷின். இவருக்கு இடமில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஓர் அறை சும்மா கிடந்தது. குடியிருப்போர் சங்கம் அதை அவருக்குக் கொடுத்தது. வேண்டாம் என்று சங்கம் முடிவெடுத்தால் காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். தூங்குவது, சமைத்துக்கொள்வது, வேலை எல்லாம் அந்த ஒரே அறையில்.

வேலை என்றேன். என்ன வேலை என்பதுதான் எனக்கு முள்ளாகக் குத்தியது. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, உள்ளங்கை அளவில் கார் செய்கிறார் என்றார்கள். செய்யட்டும். ஆனால் பொம்மை ஒட்டுகிறவருக்கு ரப்பர் கையுறை எதற்கு? வாயை மூடும் முகமூடி எதற்கு? ஜன்னலில் ஒரு விசிறியை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி மாட்டியிருந்தார். நாங்கள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத அதே விசிறி!

ஒரு நாள் காலை கீழ்த்தளத்தில் என் வீட்டுப் பின்ஜன்னலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மொட்டை மாடியிலிருந்து வரும் குழாய் அங்கேதான் திறந்த வாய்க்காலில் விழும். அதை ஒட்டித்தான் பிள்ளைகள் பந்து விளையாடும் இடம். குழாயிலிருந்து மஞ்சள் தண்ணீர் வந்தது.

நுரையைத் துப்பிவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஏய், இங்க வா. இது என்ன வாடைன்னு சொல்லு."

"காலங்காத்தால சாக்கடைய மோந்து பாக்கத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?"

"என் மூக்கு வேலை செஞ்சா உன்ன ஏன் கூப்பிடறேன்?"

"வாய் வேலை செய்யுதே, அது போதாதா?" என்றவள், எட்டி நின்று மூக்கை ஒரு நொடி நீட்டினாள். "ஏதோ காரமா இருக்கு. கண்ணு எரியுது. போதுமா?"

போதும். ஆவி, கண் எரிச்சல், மஞ்சள். ஆலையில் முதல் நாள் எனக்கு நடந்ததும் இதுதான்.

அன்று மத்தியானம் படிக்கட்டில் ரிஜெக்டின் தங்கை புருஷனை மடக்கினேன். மின்கம்பி வேலை பார்ப்பவர், நல்ல மனுஷன், கேட்டதற்கு மேல் பேசுகிறவர்.

"உங்க மச்சான் மேல என்னதான் பண்றாரு?"

"யாருக்குங்க தெரியும்? கதவத் தட்டினா 'தூசி, தூசி'ன்னு கத்தறாரு. என்னமோ நான் மண்ணு லாரியில வந்து எறங்கின மாதிரி. ஆனா ஒண்ணு சொல்லணும். போன வாரம் ஒரு பம்பர் காட்டினாரு. சுண்டுவிரல் நீளம்தான். அசலுங்க! கறுப்பா உள்ள போவுது, குரோமா வெளிய வருது. உங்க ஆலையில பண்ணுவீங்களே, அதே குரோம்."

"வெறும் பெயின்ட்ல அது வராது."

"அதத்தான் நானும் சொன்னேன். சிரிக்கறாரு. மச்சான் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. பயமாயிடுச்சு."

எனக்கும்தான். பெயின்டில் வெள்ளி நிறம் வரும், குரோம் வராது. இருபத்திரண்டு வருடம் தொட்டியில் நின்றவனுக்கு இது தெரியாதா? அறைக்குள் ஒரு சின்னத் தொட்டி வைத்திருக்கிறார். ஆலை மூடியபோது அமிலத்தைக் கொஞ்சம் எடுத்துவந்திருக்கிறார். குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில்! கணக்கு சரியாக வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் என் கையில் சிக்கிவிட்டார் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. அதை மறைத்தால் இந்தக் கதையைச் சொல்வதில் பயனில்லை.

கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன். "மொட்டை மாடியில் விஷம்! குடியிருப்போரே, விழித்தெழுவீர்! நம் பிள்ளைகளின் மூச்சைக் காப்போம்! மாடி அறையைக் காலி செய்யக் கோருவோம்!" அடியில் "நலம் விரும்புவோர்" என்று போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் சங்கச் செயலாளர் என் வீட்டு வாசலில் நின்றார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கையில் அந்தத் தாள். பழைய ஆலைச் சங்கத்தை வைத்து, இந்தக் கட்டடத்தில் என்னைத் 'தலைவர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தலைவரே, கையெழுத்துப் போடாட்டி யாருன்னு தெரியாதா? 'விழித்தெழுவீர்'னு இந்தக் கட்டடத்துல வேற யாரு எழுதுவா? மத்தவங்க எல்லாம் 'தயவுசெய்து'ன்னுதான் ஆரம்பிப்பாங்க."

"விஷயம் உண்மையா இல்லையா, அதப் பாருங்க டீச்சர்."

"பாத்தீங்களா நீங்க?"

"தண்ணியப் பாத்தேன்."

"அறையப் பாத்தீங்களான்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குக் கூட்டம். அதுக்கு முன்னால நேர்ல போய்ப் பாப்போம். பாக்காதவங்களப் பேச விட மாட்டேன்."

அன்று சாயங்காலம் ரிஜெக்டின் தங்கை வந்தாள். உள்ளே வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அவர அங்கிருந்து எறக்கிட்டா எங்க போவாரு? எங்க வீட்டுல படுக்கக்கூட எடமில்ல. உங்களுக்குத் தெரியும்."

"புள்ளைங்க வெளையாடற எடம்மா அது. அந்தத் தண்ணி என்ன செய்யும்னு என் மூக்கக் கேளு."

"உங்க மூக்குக்கு எங்கண்ணனா காரணம்?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர், தங்கை புருஷன், நான் மூவரும் ஏறினோம். நல்ல வெயில். கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து குரல்.

"யாரு?"

"சங்கம்" என்றார் டீச்சர்.

"எந்தச் சங்கம்?" கேள்வி எனக்கானது என்று புரிந்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. முகமூடிக்கு மேலே அதே கண்கள். "வாங்க. காலத் தேய்க்காம மெதுவா நடங்க. தலைவரே, சட்டைய உதறாதீங்க. மூணு நாளாக் காயவெச்சிருக்கேன். இன்னிக்கு விட்டா கறுப்பு கெட்டுப்போவும். பத்து நிமிஷம் பேசாம நில்லுங்க. அப்புறம் தூக்குல போடுங்க."

அறை அளவெடுத்தது போல இருந்தது. கட்டில், அடுப்பு, சுவரோரம் ஒரு மேசை. தரை ஈரத் துணியால் துடைத்து இன்னும் காயவில்லை. தூசி கிளம்பக்கூடாது என்பதற்காக. நான் தொட்டியைத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் பார்த்தேன். மின்சாரக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்தேன். அது ஒரு சின்னக் காற்று மெஷினுக்குப் போனது. அதிலிருந்து ஒரு குழாய், பேனா மாதிரியான ஒரு ஸ்பிரேக்கு.

ரிஜெக்ட் ஒரு பெட்டியை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். தூக்கினார். உள்ளே ஒரு குச்சியில் ஒட்டி நின்றது பம்பர். கறுப்பு. தண்ணீரில் நனைந்தது மாதிரியான கறுப்பு. எங்கள் ஆலை வருடக்கணக்காகச் செய்த அதே முன்பம்பர், இரண்டு கொம்பும் நடுவில் பள்ளமும்.

"நம்ம பம்பர்" என்றேன், என்னையறியாமல்.

"பேசாதீங்க. எச்சில் தெறிக்கும்."

பேனாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, காற்றை மிகக் குறைவாக வைத்து ஊதினார். புகை மாதிரிதான் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு ஊதல். கறுப்பு சாம்பலானது. இன்னும் ஒன்று. அப்புறம் எது என்று சொல்லமுடியாத ஒரு நொடியில் ஜன்னல் அந்தப் பம்பருக்குள் வந்து உட்கார்ந்தது. விசிறியின் றெக்கை தெரிந்தது. டீச்சரின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது. அடிப்பாதியில் கறுப்பை லேசாக விட்டுவைத்தார்; ரோட்டில் நிற்கும் காரின் பம்பரில் மேலே வானமும் கீழே தாரும் தெரியும் அல்லவா, அப்படி.

"அடடா!" என்றார் டீச்சர்.

"இன்னும் ஒண்ணு" என்று ஒரு துளி நீலத்தைக் கிண்ணத்தில் விட்டுக் கலக்கினார். "குரோம்னா துளி நீலம் இருக்கும். மஞ்சள் அடிச்சா நிக்கல் தெரியுதுன்னு அர்த்தம். தலைவருக்குத் தெரியும். எத்தனை தள்ளியிருக்கேன்."

"மஞ்சள்னு நீங்களே சொல்லிட்டீங்க" என்றேன். "அந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

முகமூடியைக் கழற்றினார். மேசைக்கடியிலிருந்து ஒரு டப்பாவை இழுத்தார். மஞ்சள் தண்ணீர். என் கால் தானாக ஓரடி பின்னால் போனது.

"பெட்டியில வர்ற துண்டுல ஏற்கெனவே குரோம் இருக்கும். விளையாட்டுச் சாமான் மாதிரி மின்னும், நடுவுல அச்சு ஒட்டின கோடு வேற தெரியும். அத எடுத்தாத்தான் நம்ம வேலை ஆரம்பம். இதுல ஊறவெச்சா பளபளப்பு கரையும். அதுக்கடியில மஞ்சளா ஒரு வார்னிஷ் இருக்கு. அத ஸ்பிரிட்டு ஊத்தித் தேச்சா உரிஞ்சு வரும். எல்லாத்தையும் இந்த டப்பாவுலதான் ஊத்தி வெச்சுக் கொட்டறேன். அந்த மஞ்சள்தான் இது."

"எதுல ஊறவெச்சா?"

டீச்சர் குனிந்தார், உடனே நிமிர்ந்தார். "ஐயோ தலைவரே, இது கக்கூஸ் கழுவற பிளீச்சிங் தண்ணி! வாசல்லயே வீசுதே. உங்களுக்கு வாடை வரலையா?"

என் மூக்கு விஷயம் டீச்சருக்குத் தெரியாது.

"அவருக்கு வராது டீச்சர்" என்றார் ரிஜெக்ட். "மூச்சு விடறப்ப சன்னமா ஒரு விசில் கேக்கும், கவனிங்க. மூக்குச் சுவர்ல ஓட்டை. அந்த வரிசையில யார் யாருக்கு விசில் வரும்னு எனக்கு அத்துப்படி. இவரு, நிக்கல் தொட்டி நெட்டையன், கொக்கி மாட்டற அண்ணன் தம்பி ரெண்டு பேரும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"சும்மாதான் இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். நியாயம் சொல்லவில்லை, தலையைக் குனியவும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இப்படிப்பட்ட ஆள் சொல்வதை எப்படி நம்புவது? டப்பாவில் பிளீச்சிங் இருக்கலாம். தொட்டியை வேறு எங்காவது ஒளித்திருக்கலாம். இந்த ஸ்பிரே எங்களுக்காகப் போட்ட நாடகமாக இருக்கலாம். தொட்டிக்காரனுக்கு ஒரு சோதனை உண்டு. முலாம் பூசின உலோகம் வெயில் நாளிலும், நிழலில் இருந்தால், தொட்ட முதல் நொடி சில்லென்று இருக்கும். கண்ணை ஏமாற்றலாம், தோலை ஏமாற்ற முடியாது.

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பம்பரின் நடுவில் அழுத்தினேன்.

"மச்சான்!" என்று தங்கை புருஷன் கத்தினார், எனக்குப் பதிலாக அவரைப் பார்த்து.

சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக, லேசாக, பிளாஸ்டிக் சீப்பைத் தொட்டது போல இருந்தது. உண்மை எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. விரலை எடுத்தேன். வானம் இருந்த இடத்தில் என் ரேகை, ஒவ்வொரு கோடும் எண்ணலாம். கோடுகளுக்கு நடுவில் கறுப்பு. மிச்ச வானம் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு மின்னியது.

டீச்சர் குனிந்து பார்த்து, "இத்தனை படிச்சவரு, கைநாட்டு வெச்சுட்டீங்களே தலைவரே" என்றார்.

ரிஜெக்ட் பம்பரைக் குச்சியோடு தூக்கி, ஜன்னல் பக்கம் பிடித்து, தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார்.

"ரிஜெக்ட்."

அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே ஐந்து பம்பர்கள், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சின்னச் சீட்டு. "தூசி." "கறுப்பு சரியாகக் காயவில்லை." "பாதுகாப்புக்கு மேலே வார்னிஷ் அடித்தேன், சாம்பலாகிவிட்டது." "அச்சுக் கோடு தெரிகிறது." "அவசரம்." ஆறாவதுக்கு ஒரு தாளைச் சீட்டாகக் கிழித்து, பென்சிலால் எழுதிக் கட்டினார். எட்டிப் பார்த்தேன். "தலைவர்" என்று இருந்தது.

"அஞ்சும் நீங்க செஞ்சதுதானா?" என்றார் டீச்சர்.

"ஆமா. ஊரான் செஞ்சத எல்லாம் தள்ளினேன். நானா ஒண்ணும் செஞ்சதில்ல. செஞ்சு பாத்தாத்தான தெரியுது."

அவர் உதட்டோரம் அசைந்தது. தங்கை புருஷன் பயந்த சிரிப்பு இதுதான் போலிருக்கிறது.

கூட்டத்தில் கீழ்த்தளத்து வீடு, முதல் மாடி, இரண்டாம் மாடி எல்லோரும் இருந்தார்கள். என் தாளைப் படித்துப் பயந்துபோனவர்கள். அறையைக் காலி செய்யச் சொல்லி நான் முன்மொழிவேன் என்று காத்திருந்தார்கள். தங்கை கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். எழுந்தேன். கட்டைவிரலை எத்தனை தேய்த்தும் வெள்ளி போகவில்லை. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

"நேர்ல போய்ப் பாத்தேன். அமிலம் இல்ல, தொட்டி இல்ல. நான் சொன்னது தப்பு. அறை அவருக்கே இருக்கணும்" என்றேன். உட்காரப் போனவன், பழக்கதோஷம், இன்னொன்றையும் சொன்னேன்: "ஆனா பிளீச்சிங் தண்ணியும் ஸ்பிரிட்டும் திறந்த வாய்க்கால்ல விடக்கூடாது. கேன்ல எறக்கி ஒழுங்கா அப்புறப்படுத்தணும்."

"செய்யறேன்" என்றார் ரிஜெக்ட். அறை அவருக்கே என்று முடிவானது. அவர் தங்கை அப்போதுதான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை பலகையில் ஒட்ட ஒரு தாள் எழுதினேன். ஒட்டும் முன் அவரிடம் காட்டுவது முறை என்று பட்டது; மாடிக்குப் போனேன். "மாடி அறை குறித்துப் பரவிய தகவல் தவறானது என உறுதியாகியுள்ளது. நலம் விரும்புவோர்." வாசலில் நின்றபடியே படித்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார்.

"என்ன குறை?"

"'பரவிய தகவல்'. காத்துல வந்துச்சா? பரப்பினது யாரு?"

"எல்லாருக்கும்தான் தெரியுமே."

"அன்னிக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சுது. 'முதலாளியின் கண்'. அதுலயும் பேரு இல்ல. கூட உக்காந்து சாப்பிட ஆள் இல்லாம எத்தனை வருஷம்னு எண்ணிப் பாருங்க."

அந்தப் பேச்சை அவரே எடுத்ததால் நானும் கேட்டேன். இருபது வருடத்துக்கு மேல் தொண்டையில் நின்ற கேள்வி. "அந்தப் பதினோரு பேர் லிஸ்டக் குடுத்தது நீங்கதானா?"

"இல்லன்னா நம்புவீங்களா?"

யோசித்தேன். "மாட்டேன்."

"அப்ப எதுக்கு என் வாயக் கெளர்றீங்க?" கதவைச் சாத்தப் போனவர் நிறுத்தி, "கதவுகிட்ட நின்னு பேசாதீங்க. ஏழாவது கறுப்பு காயுது" என்றார்.

கீழே வந்து வேறு தாள் எடுத்தேன். "மொட்டை மாடியில் விஷம் என்று எழுதி ஒட்டியவன் நான். பார்க்காமல் எழுதினேன். தவறு என்னுடையது." அடியில் என் முழுப் பெயரும் வீட்டு எண்ணும் எழுதினேன். எத்தனையோ ஆயிரம் துண்டறிக்கை எழுதியவன் நான். ஒன்றின் அடியிலும் என் பெயர் இருந்ததில்லை.

சாயங்காலம் அவர் பிளீச்சிங் கேனோடு கீழே இறங்கினார். பலகை முன்னால் நின்றார். தலையை இடப்பக்கம் சாய்த்தார். வலப்பக்கம் சாய்த்தார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரிஜெக்ட் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கேனை மறுகைக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனார்.

இருபத்தொன்பது வருடத்தில் அந்த மனுஷன் ஒன்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனதில்லை. எதைச் சொல்லாமல் விட்டார் என்று இன்னும் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. தினமும் காலையில் பல் தேய்க்கும்போது குழாயைப் பார்க்கிறேன். தண்ணீர் தெளிவாகத்தான் விழுகிறது.